பதினோரு கல்லும் ஒரு வாளி சுண்ணாம்பும்

புருல்ச்சா எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் வேலைக்குச் சேர்ந்த அன்றே ஊரில் பந்தயம் கட்டிவிட்டார்கள். ஆறு மாதம் தாங்கமாட்டாள் என்றார் டிராக்டர் ஓட்டும் மம்பெத். கடைக்காரி கொஞ்சம் தாராள மனசுக்காரி. ஆப்ரிகாட் பழுக்கிற வரைக்கும் இருப்பாள் என்றாள். பந்தயப் பொருள் ஒரு மூட்டை மாவு. அவளிடமே நேராக வந்து, "எப்ப கிளம்பறே? முன்கூட்டியே சொல்லிட்டுப் போ, வீட்டுல மாவு தீர்ந்துபோச்சு" என்று கேட்டவர்களும் உண்டு. எங்கள் பெஷ்தெரெக் ஊர்க்காரர்களுக்கு வெட்கம் கொஞ்சம் குறைச்சல்.

ஊரையும் குறை சொல்ல முடியாது. அவள் கால் அப்படிப்பட்ட கால். பத்தொன்பது வயதில் தலைநகரத்துச் சந்தைக்குத் துணிமூட்டை தள்ளப் போனாள். அங்கிருந்து ரஷ்யா. எகதெரின்பர்கில் முற்றம் கூட்டினாள், கூரையில் ஏறிப் பனி தள்ளினாள், கேக் கம்பெனியில் அட்டைப்பெட்டி ஒட்டினாள். நடுவில் நம் நாட்டு ஓஷ் நகரத்துப் பக்கத்து ஆள் ஒருவனைக் கட்டிக்கொண்டு மூன்றாம் குளிர்காலத்தில் அவனையும் விட்டுவிட்டு வேறு நகரத்துக்கு ரயிலேறினாள். சண்டை ஒன்றுமில்லை. நல்லவன்தான், ஆனால் ஞாயிற்றுக்கிழமை முழுக்க சோபாவில் உட்கார்ந்திருக்கிறான், பார்க்கவே மூச்சு முட்டியது என்று பிறகு சொன்னாள். நாற்பத்தோரு வயதுக்குள் பதினேழு வீடு மாறியிருக்கிறாள்.

அவள் உட்கார்ந்து தேநீர் குடித்து நான் பார்த்ததில்லை. கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டு நடப்பாள், பாதியில் எங்காவது வைத்துவிட்டு மறப்பாள். பேச்சும் அதே கதிதான். ஒன்று சொல்லி முடிப்பதற்குள் அடுத்ததற்குப் போய்விடுவாள். எதிரில் ஆள் பேசிக்கொண்டிருக்கும்போதே "சரி சரி, பண்ணுங்க" என்று தலையாட்டிவிட்டு வாசலில் இருப்பாள். எதைப் பண்ணச் சொன்னாள் என்று அவளைக் கேட்டால் அவளுக்கே தெரியாது.

அப்பா சாவுக்கு வந்தவள், நாற்பதாம் நாள் சாப்பாடு முடிந்ததும் போவதற்கு டிக்கெட் எடுத்து வைத்திருந்தாள். அந்தச் சாப்பாட்டுக்குப் பெரிய கொப்பரை இரவல் கேட்கத்தான் பள்ளிக்கூடத்துக்குப் போனாள். அங்கே ஆசிரியர் கூட்டம் நடந்துகொண்டிருந்தது. தலைநகரத்திலிருந்து, பழஞ்சின்னங்களைப் பாதுகாக்கும் அமைப்பு ஒன்றைச் சேர்ந்த இரண்டு இளம் பெண்கள் வந்து கல்மனிதர்களைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள்.

ஊருக்குப் பின்னால், ஆப்ரிகாட் தோட்டத்துக்கும் வாய்க்காலுக்கும் நடுவில் ஒரு புல்வெளி உண்டு. வயல் என்றுதான் சொல்வோம். அதில்தான் கல்மனிதர்கள் நிற்கிறார்கள். ஆளுயரம் சிலது, முழங்கால் உயரம் சிலது. மீசை உண்டு, இடுப்பில் கச்சை உண்டு, கையில் ஒரு கிண்ணம். எந்தக் காலத்தவர், யார் வகையறா என்று ஊரில் யாருக்கும் தெரியாது. மாடு முதுகு சொறிய அதுகளிடம் போகும். அந்தக் கல் வயலில் கிடக்கும்வரை யாருக்கும் அதன்மேல் அக்கறை இருந்ததில்லை. பன்னிரண்டாக இருந்ததில் ஒன்று காணாமல் போய், ஏரிக்கரையில் ஒரு விடுதியின் நீச்சல் குளத்துப் பக்கத்தில் அகப்பட்டது. சிமெண்டு பொம்மை என்று நினைத்து வாங்கினேன் என்றான் விடுதிக்காரன். அதற்குப் பிறகு மாகாணத்தில், மிச்சம் பதினொன்றையும் லாரியில் ஏற்றி நகரத்துக்குக் கொண்டுபோய் அருங்காட்சியக முற்றத்தில் நிறுத்திவிடலாம் என்ற பேச்சு எழுந்தது.

வந்த பெண்கள் வேறு வழி சொன்னார்கள். பிள்ளைகளே கல்லைப் பார்த்துக்கொள்ளட்டும். அளந்து, படமெடுத்து, எழுதி வைக்கட்டும். பதிவு ஒழுங்காக இருந்தால் கல்லைப் பள்ளிக்கூடத்துப் பொறுப்பில் விட மாகாணம் சம்மதிக்கலாம். ஆனால் பிள்ளைகளோடு தினமும் பள்ளி விட்டதும் ஒரு பெரியவர் போக வேண்டும். எல்லோரும் அகாய் என்று மரியாதையாகக் கூப்பிடும் தலைமையாசிரியர் ஷார்ஷென் சுற்றிலும் பார்த்தார். ஆசிரியர்கள் எல்லோருக்கும் ஒரே நேரத்தில் தங்கள் செருப்பில் ஏதோ தெரிந்தது. வாசலில் நின்றபடி புருல்ச்சாதான் கேட்டாள்.

"எத்தனை பிள்ளைங்க வேணும்?"

"நீ கொப்பரை கேக்கத்தானே வந்தே?" என்றார் ஷார்ஷென்.

"அதையும் குடுங்க, அகாய். எத்தனை பிள்ளைங்க?"

அப்படி மாட்டினாள். அரைநேர வேலை. டிக்கெட் காலாவதியானது.

பதினோரு கல்லுக்குப் பதினோரு பிள்ளைகள் சேர்ந்தார்கள். யாருக்கு எந்தக் கல் என்பதை ஆட்டு முட்டி எலும்பை உருட்டி முடிவு செய்தார்கள். இங்கே பிள்ளைகள் நியாயம் தீர்ப்பது அதில்தான். மீசை பெரிதாக இருந்த கல்லுக்கு அடிதடி நடந்தது. பதின்மூன்று வயசு ஜானிலுக்கு விழுந்தது கடைசிக் கல்: மூக்கு உடைந்து, பாசி படிந்து, தொடை உயரம்கூட இல்லாத குட்டிக் கல். ஒரு நாள் முழுக்க அழுதாள். இரண்டாம் நாள், அதைக் குட்டை என்று சொன்ன பக்கத்துக் கல்லுக்காரப் பையன் எர்கினின் முகத்தில் நோட்டுப் புத்தகத்தால் அடித்தாள். அதற்கப்புறம் அந்தக் கல்லைப் பற்றி யாரும் வாய் திறக்கவில்லை.

நூலால் அளந்தார்கள். ஸ்கேல் வைத்துப் படமெடுத்தார்கள். மாட்டை விரட்டினார்கள். வீடு வீடாகப் போய்க் கேள்வி கேட்டார்கள். மம்பெத் வாசலில் நின்று அலுத்துக்கொண்டார்: "ஆட்டைப் பாத்துக்கடான்னா ஆளில்ல. கல்லைப் பாத்துக்கப் பதினோரு பேரு! அது எங்க ஓடிரப் போகுது?"

"ஒண்ணு ஏற்கெனவே ஓடிப்போச்சே, பைகே. நீச்சல் குளத்துக்கு" என்றாள் ஜானில். பைகே என்று அண்ணன்போலக் கூப்பிட்டாலும், வயசில் மூத்தவரிடம் பேசுகிறோம் என்ற கூச்சமெல்லாம் அவளுக்குக் கிடையாது.

அவள் நோட்டில் எழுதியதைப் புருல்ச்சா நடந்துகொண்டே படித்தாள். "தெற்குப் பக்கம் மதியத்தில் சூடாக இருக்கிறது. வடக்குப் பக்கம் பாசி. வலது கையில் கிண்ணம், இடது கை தேய்ந்துவிட்டது. பாதத்துக்கு அடியில் ஒரு பல்லி குடியிருக்கிறது, அதைத் தொந்தரவு செய்யக் கூடாது." நடந்துகொண்டிருந்தவள் நின்று, இன்னொரு தடவை படித்தாள். தினமும் மூன்று மணிக்குப் பதினோரு பேர் வாசலில் நின்று, "எஜே, ஏன் லேட்டு?" என்று கேட்பார்கள். அக்காவுக்கும் எஜேதான், டீச்சருக்கும் எஜேதான் எங்கள் பக்கம். இருபது வருஷமாக அவள் லேட்டாக வந்தால் சம்பளம் பிடித்தவர்கள் உண்டு, ஏன் என்று கேட்டவர்கள் இல்லை. அவளுக்கு அது பிடித்திருந்தது. பிடித்துப்போனதில் பயமாகவும் இருந்தது.

ஏப்ரல் கடைசியில் கடிதம் வந்தது. சனிக்கிழமை மாகாணத்திலிருந்து கமிஷன், அதாவது பார்வையிடும் குழு, வருகிறது. கல் இங்கேயே பிள்ளைகள் பொறுப்பில் இருக்குமா, லாரியில் ஏறுமா என்று அன்றைக்கே முடிவு.

கமிஷன் என்றால் எங்களுக்குச் சுண்ணாம்பு. அமைச்சர் வந்தாலும் அதுதான், மாட்டு டாக்டர் வந்தாலும் அதுதான். மரத்துக்கு இடுப்பு வரைக்கும் வெள்ளை. சாலையோரக் கல், வாய்க்கால் மதகு, பள்ளிக் கழிப்பறைச் சுவர், எல்லாம் வெள்ளை. ஒரு தடவை மூன்று வருஷமாக ஓடாமல் நின்ற பஸ்ஸின் டயருக்கும் அடித்தார்கள். வெள்ளையாக இருந்தால் கவனித்துக்கொள்கிறார்கள் என்று அர்த்தம், பழுப்பாக இருந்தால் சோம்பேறி ஊர். தாத்தன் காலத்திலிருந்து எங்கள் ரத்தத்தில் ஊறின விஷயம் இது; எந்தப் பிள்ளைக்கும் சொல்லிக்கொடுக்கத் தேவையில்லை.

வெள்ளிக்கிழமை மதியம் புருல்ச்சா பிள்ளைகளுக்கு வாளியும் பிரஷும் கொடுத்தாள். "ஸ்கூல் கேட்லேருந்து வயல் வரைக்கும். மரம், ஓரக்கல்லு, ஒண்ணு விடக் கூடாது" என்று சொல்லிக்கொண்டிருக்கும்போதே ஷார்ஷென் கூப்பிட்டார். விருந்துக்கு ஆடு இன்னும் வரவில்லை. அவள் ஓடினாள். மேட்டுத் தெரு மேய்ப்பன் மெலிந்த ஆட்டைக் காட்ட, இவள் கொழுத்ததைக் கேட்க, அவன் கொழுத்ததைப் பிடிக்க, அது கையை உதறிவிட்டு முள்வேலிக்குள் பாய்ந்தது. புருல்ச்சா அதன் பின்காலைப் பிடித்தபடி வேலிக்குள் கவிழ்ந்து கிடந்த நேரத்தில் போன் அடித்தது.

ஜானில்தான். வயலில் சிக்னல் கிடைக்காது என்பதால் வாய்க்கால் மேட்டில் ஏறி நின்று பேசினாள். "எஜே, எல்லாம் முடிஞ்சுது. ஒரு வாளி சுண்ணாம்பு மிச்சம் இருக்கு. நம்ம கல்லுங்களுக்கும் அடிச்சிரலாமா? மரமெல்லாம் பளிச்சுன்னு இருக்கு, அதுங்க மட்டும் அழுக்கா நிக்குது. கமிஷன் என்ன நினைக்கும்?"

"சரி சரி, பண்ணுங்க. எல்லாத்தையும் பண்ணுங்க. இருட்டறதுக்குள்ள வீட்டுக்குப் போயிருங்க" என்றாள் புருல்ச்சா. ஜானில் என்ன கேட்டாள் என்பது அவள் மனசில் ஏறவே இல்லை. ஆடு உதைத்துக்கொண்டிருந்தது.

சனிக்கிழமை விடிந்ததும் வயலுக்குப் போனாள். ஆப்ரிகாட் பூத்திருந்தது. மரத்தண்டு வெள்ளை, ஓரக்கல் வெள்ளை. புல்வெளியில் பதினோரு கல்மனிதர்களும் தலையிலிருந்து கால்வரை வெள்ளை. மீசை எது, கிண்ணம் எது என்று தெரியவில்லை. பிள்ளைகள் அவளுக்கு முன்பே வந்து, பெண் பிள்ளைகள் தலையில் பெரிய வெள்ளை ரிப்பனோடு, அவரவர் கல்லுக்குப் பக்கத்தில் நின்றார்கள்.

"நல்லா இருக்கா, எஜே? என்னுதுக்கு ரெண்டு கோட்டிங் குடுத்தேன்" என்றாள் ஜானில்.

புருல்ச்சாவுக்கு முதலில் தோன்றியது ஓட்டம்தான். அதில் ஒளித்துச் சொல்ல ஒன்றுமில்லை. வீட்டுக்குப் போய்ப் பையை எடுத்தால் மதியத்துக்குள் மாகாண எல்லையைத் தாண்டிவிடலாம். கால்கூட அரை வட்டம் திரும்பிவிட்டது.

"யாரு உங்களை அடிக்கச் சொன்னது?"

ஜானிலின் சிரிப்பு நின்றது. "நீங்கதானே, எஜே. போன்ல கேட்டேனே. எல்லாத்தையும் பண்ணுங்கன்னு சொன்னீங்களே."

புருல்ச்சா போனை எடுத்துப் பார்த்தாள். வெள்ளிக்கிழமை, ஐந்து நாற்பது, ஜானில். முள்வேலி, ஆடு, கையில் கீறல் எல்லாம் ஞாபகம் வந்தன. குழந்தையின் குரல்கூட ஞாபகம் வந்தது. அது கேட்டது என்ன என்பது மட்டும் ஞாபகத்தில் எங்கேயும் இல்லை. இந்தப் பிள்ளைகள் ஏழு மாதம் கண்ணில் வைத்துப் பார்த்த கல்லைத் தான்தான் கெடுத்தோம் என்று அவளுக்குப் புரிந்தது.

"தப்பா பண்ணிட்டோமா?" என்று கேட்டான் எர்கின். அவன் கையில் ஏற்கெனவே கம்பி பிரஷ் இருந்தது. "ஒண்ணும் கவலைப்படாதீங்க, எஜே. அப்பா துரு எடுக்கற பிரஷ் இது. அஞ்சு நிமிஷத்துல தேய்ச்சு எடுத்துருவேன்."

"தொடாதே!" அவள் போட்ட சத்தத்தில் மரத்திலிருந்த மைனா எல்லாம் பறந்தன.

வாய்க்கால் மேட்டுக்கு ஓடினாள். குளிர்காலத்தில் வந்து கல்லைப் பார்த்துவிட்டுப் போன வலேரி என்ற சிலை பழுதுபார்ப்பவரின் எண் அவளிடம் இருந்தது. மனிதர் தலைநகரத்தில் படுக்கையிலிருந்தே போனை எடுத்தார். அவள் சொல்லி முடித்ததும் எழுந்து உட்காரும் சத்தம் கேட்டது.

"எப்ப அடிச்சது?"

"நேத்து சாயங்காலம்."

"தேய்ச்சீங்களா?"

"இல்ல."

"தேய்க்காதீங்க. கழுவாதீங்க. வினிகர் கினிகர்னு யாராவது யோசனை சொன்னா அவனை வாய்க்கால்ல தள்ளுங்க. சுண்ணாம்பு முழுசா இறுகினா கல்லோட கல்லா ஆயிடும். துணியை நனைச்சுப் போத்துங்க. காயவே விடாதீங்க. நான் திங்கக்கிழமை காலையில வரேன். அதுவரைக்கும் ஒரு மணி நேரம்கூட காயக் கூடாது. புரியுதா?"

இந்தத் தடவை அவள் "சரி சரி" சொல்லவில்லை. ஒவ்வொன்றையும் திருப்பிச் சொல்லிக் கேட்டுக்கொண்டாள்.

பிள்ளைகள் வீட்டுக்குப் பறந்தார்கள். படுக்கை விரிப்பு வந்தது, ஜன்னல் திரை வந்தது, தொட்டில் துணி வந்தது, எர்கினின் அப்பாவுடைய கல்யாணச் சட்டை வந்தது. ஒருத்தி அம்மா கட்டியிருந்த தலைத்துணியையே உருவிக்கொண்டு வந்திருந்தாள். அம்மா பின்னாலேயே திட்டிக்கொண்டு வந்து, விஷயம் தெரிந்ததும் துணியை நனைக்க உதவி செய்தாள். வாய்க்காலிலிருந்து தண்ணீர் வந்துகொண்டே இருந்தது. ஏரிக் காற்று அன்றைக்கென்று பலமாக அடித்து, போர்த்தப் போர்த்தக் காயவைத்தது. புருல்ச்சா ஒவ்வொரு கல்லாக ஓடினாள், துணி நுனியைத் தொட்டுப் பார்த்தாள், அடுத்ததற்கு ஓடினாள்.

பதினொன்றரைக்கு ஷார்ஷென் வந்தார். துணி சுற்றின கல்மனிதர்களைப் பார்த்து, "என்ன இது, ஆஸ்பத்திரியா?" என்றார். துணியைத் தூக்கிப் பார்த்ததும் தலையில் கைவைத்துப் புல்லில் உட்கார்ந்தார்.

"பொறுப்பு யாருன்னு பேர் எழுதிக் கையெழுத்து வாங்குவாங்க, புருல்ச்சா. உன் வேலை போச்சு. என் வேலையும் போகுமோ என்னமோ." குரலைத் தாழ்த்தினார். "ஒண்ணு பண்ணு. குடிகாரப் பசங்க ராத்திரி வந்து பூசிட்டானுங்கன்னு சொல்லிடு. எந்த ஊர்லதான் குடிகாரன் இல்ல?"

"அகாய், பிள்ளைங்க நிக்கறாங்க."

"நிக்கட்டும். அவங்களும் கத்துக்கட்டும்."

ஜானில் தன் குட்டிக் கல்லுக்குப் பக்கத்தில் துணி பிழிந்துகொண்டிருந்தாள். தலை நிமிரவில்லை. ஆனால் பிழிவது நின்றிருந்தது.

கமிஷன் மூன்று பேர். தலைவி சைராகுல், ஐம்பது தாண்டிய பெண், முட்டிவலிக்காரி, கரடுமுரடான பாதைக்குப் பொருந்தாத செருப்பு போட்டிருந்தாள். முதலில் விருந்து, ஆட்டுத்தலை உங்களுக்காகத் தனியாக வெந்துகொண்டிருக்கிறது என்று ஷார்ஷென் எவ்வளவோ வழி மாற்றிப் பார்த்தார். "முதல்ல கல்லு, அகாய். சாப்பிட்டா எனக்குத் தூக்கம் வரும்" என்று நேராக வயலுக்கு வந்தாள். பெரிய மீசைக் கல்லின் மேலிருந்த திரைத்துணியை ஒரு ஓரத்தில் தூக்கினாள். விரலால் தொட்டு, விரலைப் பார்த்தாள். காலியான ஒரு வாளியைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்தாள்.

"யார் வேலை இது?"

ஷார்ஷென் வாயைத் திறப்பதற்குள் ஜானில் முன்னால் வந்துவிட்டாள். "என் வேலை. எனக்கா தோணிச்சு, நானா அடிச்சேன். மத்தவங்களையும் நான்தான் அடிக்க வெச்சேன். எஜேக்கு ஒண்ணும் தெரியாது. அவங்க ஆடு வாங்கப் போயிருந்தாங்க."

மற்ற பத்துப் பேரும் தரையைப் பார்த்தார்கள். எர்கினுக்குக் காது சிவந்தது.

சைராகுல் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் தாங்கிக்கொண்டிருக்கலாம். "இதைத்தான் நான் ஆரம்பத்துலேயே சொன்னேன்" என்றாள் களைத்துப்போய், கூட வந்தவர்களைப் பார்த்து. "பிள்ளைங்களுக்குச் சுற்றுலா காட்டு, பாட்டு சொல்லிக்குடு, வேணாம்னு சொல்லல. பொறுப்பைக் குடுத்தா இப்படித்தான். தோணினதைச் செய்வாங்க. அவங்க மேல தப்பில்ல, வயசு அப்படி." பையிலிருந்து காகிதத்தை எடுத்தாள். "சின்னப் பிள்ளை, பேர் எழுத வேணாம். தண்டனை கிண்டனை ஒண்ணும் இல்ல. பழுதுபாக்கறவர் வந்து சுத்தம் பண்ணினதும் லாரி அனுப்பறேன்."

ஷார்ஷென் மூச்சு விட்டது எல்லோருக்கும் கேட்டது. யாருக்கும் வேலை போகாது. கல் மட்டும் போகும். ஜானில் இந்தக் கணக்கைப் போட்டிருக்கவில்லை. எஜேயைக் காப்பாற்றுவதோடு விஷயம் முடிந்துவிடும் என்று நினைத்திருந்தாள்.

புருல்ச்சா அங்கே நின்றாள், கால் ஒரு இடத்தில் நிற்கவில்லை. சும்மா இருந்தால் போதும். ஒரு குழந்தை அவளுக்கு முன்னால் நின்று மறைத்துக்கொண்டிருந்தது. அந்த நிழலிலேயே இருந்துவிடலாம். அடுத்த வாரம் வேறு ஏதாவது குழு ஆரம்பிக்கலாம், டான்ஸ், சதுரங்கம். பதினோரு பேரும் இந்த வயலைச் சுற்றிக்கொண்டு வேறு பாதையில் வீட்டுக்குப் போவார்கள். நமக்குப் பொறுப்பு கொடுத்தார்கள், நாம் கெடுத்துவிட்டோம் என்று வாழ்நாள் முழுக்க நினைத்துக்கொள்வார்கள். அது பொய். அந்தப் பொய்தான் அவளால் தாங்க முடியாததாக இருந்தது.

"பிள்ளை பொய் சொல்லுது" என்றாள்.

"எஜே!" என்றாள் ஜானில்.

"பொய் சொல்லுது, அம்மா. தோணினதைச் செய்யல. கேட்டுது. வாய்க்கால் மேட்டுல ஏறி, எனக்குப் போன் பண்ணி, கல்லுக்கு அடிக்கலாமான்னு கேட்டுது. நான் அடின்னு சொன்னேன்." போனை நீட்டினாள். "பாருங்க. அஞ்சு நாப்பது. ஆட்டைப் பிடிச்சுக்கிட்டிருந்தேன். அது என்ன கேட்டுதுன்னு காதுல வாங்கவே இல்ல. வாங்காமலே சரின்னேன். என் வழக்கம் அது. ஊர்ல யாரை வேணா கேளுங்க."

ஊர் பாதி வேலிக்கு அப்பால் கூடி நின்றது. "ஆமா, அதுல மட்டும் பொய் இல்ல" என்றார் மம்பெத். யாரோ அவரை இடித்தார்கள்.

சைராகுல் போனை வாங்கிப் பார்த்துவிட்டு ஜானிலைப் பார்த்தாள். "நீ கேட்டியா?"

ஜானில் புருல்ச்சாவை முறைத்தாள். கண்ணில் நீர் முட்டியது. "கேட்டேன்" என்றாள், ஏதோ திருட்டை ஒப்புக்கொள்வதுபோல.

"ஏன் கேட்டே? மரத்துக்குக் கேக்கலையே."

"மரம் யார் வேணா அடிக்கலாம். கல்லு எங்க பொறுப்பு. கேக்காம ஒண்ணும் பண்ணக் கூடாதுன்னு நோட்டுல முதல் பக்கத்துல எழுதியிருக்கோம்."

நோட்டுகள் வந்தன. சைராகுல் வாளிமேல் உட்கார்ந்தபடியே படித்தாள். அளவு, படம், மீசையின் நீளம், பல்லி. படிக்கப் படிக்க நேரமானது. ஆட்டுத்தலை ஆறிக்கொண்டிருக்கும் என்று ஷார்ஷென் நெளிந்தார். அதற்குள் காற்றில் துணிகள் காய ஆரம்பித்தன. யாரும் சொல்லாமலே பிள்ளைகள் ஆளுக்கொரு குவளையோடு தங்கள் கல்லுக்குப் போய் நனைத்துவிட்டு வந்து நின்றார்கள். சைராகுல் நோட்டிலிருந்து தலையைத் தூக்கி அதையும் பார்த்தாள்.

"இலையுதிர் காலத்துல திரும்ப வருவேன்" என்றாள் கடைசியில். "அதுவரைக்கும் கல்லு இங்கேயே இருக்கட்டும். பிள்ளைங்க பேர்லயே எழுதறேன், பதினோரு பேரும். கேக்கத் தெரிஞ்ச பிள்ளைங்க. கூட ஷார்ஷென் அகாய் வரணும், நேரா அவரே." ஷார்ஷென் முகம் மாறியது. "ஆனா சேதம் சேதம்தான். பொறுப்பானவங்க பேர் நான் எழுதித்தான் ஆகணும்." புருல்ச்சா பக்கம் திரும்பினாள். "மகளே, உன் பேர். குழு வேலை உனக்கு இனிமே கிடையாது. இந்த இடத்தைச் சுத்திக் கயிறு கட்டச் சொல்றேன், அதுக்குள்ள நீ வரக் கூடாது. எனக்கும் இது பிடிக்கல."

புருல்ச்சா காகிதத்தை வாங்கி முதல் வரியிலிருந்து கடைசி வரி வரைக்கும் படித்தாள். எல்லோரும் காத்திருந்தார்கள். படித்து முடித்துக் கையெழுத்துப் போட்டாள்.

கமிஷன் சாப்பிடப் போனது. கூட்டமும் ஆட்டின் வாசனையைத் தொடர்ந்து போனது. கூட வந்த இருவரில் ஒருவன் மரத்துக்கு மரம் கயிறு கட்டிவிட்டுப் போனான். பிள்ளைகள் உள்ளே, புருல்ச்சா வெளியே. ஜானில் கயிற்றுக்கு அந்தப் பக்கம் வந்து நின்று கத்தினாள்.

"ஏன் சொன்னீங்க? நான் நல்லாத்தானே சமாளிச்சேன்!"

"கல்லு போயிருக்கும்டி."

"கல்லுக்கு என்ன, நகரத்துல போய் நின்னா மழையா கரைக்கப் போகுது? பஸ்ல போய்ப் பாத்திருப்போம்! இப்ப நீங்க போயிருவீங்க. எல்லாரும் சொல்றாங்க. பந்தயம் வேற கட்டியிருக்காங்க. வேலை போனா ரஷ்யாவுக்குப் போயிருவீங்க!"

போய்விடுவாயா என்ற கேள்விக்கு இருபது வருஷமாகப் புருல்ச்சாவிடம் ஒரே பதில்தான் இருந்தது. ஆமாம், போய்விடுவேன் என்பது. அதைச் சொல்ல வாய் கூசியது. வேறு பதில் சொல்லிப் பழக்கமில்லை. ஜானில் மூக்கைத் துடைத்துக்கொண்டு தன் கல்லுக்குத் திரும்பிப் போனாள்.

வெயில் ஏறியது. காற்று நிற்கவில்லை. பிள்ளைகளிடம் இருந்த தண்ணீர் தீர்ந்துகொண்டிருந்தது. வாய்க்காலுக்கு இருநூறு அடி போய் வர வேண்டும். ஒரு பிள்ளை நகர்ந்தால் ஒரு கல் காயும். புருல்ச்சா அதைப் பார்த்துக்கொண்டே கயிற்றோரமாக இங்கும் அங்கும் நடந்தாள். பிறகு இரண்டு வாளிகளைத் தூக்கினாள்.

முதல் நடை வந்தபோது மம்பெத் வேலியில் சாய்ந்து நின்று எலும்பைக் கடித்துக்கொண்டிருந்தார். "மகளே, உன்னை உள்ள வரக் கூடாதுன்னு எழுதியாச்சே."

"கயிறு வரைக்கும் வரலாம்ல, பைகே? அதுல கயிறு வரைக்கும் வரக் கூடாதுன்னு இல்ல. முழுசா படிச்சேன்."

மம்பெத் யோசித்தார். எலும்பை நாய்க்கு எறிந்துவிட்டு, "அந்த வாளி ஓட்டை. என்னுதை எடுத்துட்டு வரேன்" என்று போனார்.

எர்கின் வந்து தண்ணீரை வாங்கிக்கொண்டான். இரண்டாம் நடைக்கு வேறொருத்தி. ஐந்து, ஆறு, ஏழு. தோள் எரிந்தது, செருப்பு முழுக்கச் சேறு. ஜானில் மட்டும் வரவே இல்லை. தன் பங்கை எர்கினிடம் வாங்கி நனைத்தாள். ஆப்ரிகாட் பூ உதிர்ந்து வாளித் தண்ணீரில் மிதந்தது. ஒன்பதாவது நடையில் கயிற்றுக்கு அந்தப் பக்கம் ஜானில் நின்றாள்.

"ரொம்ப நிரப்பாதீங்க. சிந்துது" என்றாள்.

"சரி."

"நாளைக்கும் காத்து அடிக்குமாம்."

"நாளைக்கும் கொண்டு வரேன்."

"திங்கக்கிழமை?"

"வலேரி வர்ற வரைக்கும் கொண்டு வரேன்."

ஜானில் வாளியைத் தொடவில்லை. கயிற்றை விரலால் இழுத்து இழுத்து விட்டாள். "அதுக்கப்புறம் தண்ணி தேவைப்படாதே" என்றாள்.

புருல்ச்சா வாளிகளைக் கீழே வைத்தாள். கை இரண்டும் சிவந்து கோடு விழுந்திருந்தன. "அதுக்கப்புறம் சும்மா வரேன்" என்றாள். "இந்தப் பக்கம் உக்காந்துக்கறேன்."

"உங்களால உக்கார முடியாது, எஜே."

"முடியாதுதான். உக்காந்து பாக்கறேன்."

ஜானில் அவளை நம்பினாளா இல்லையா என்று முகத்தில் தெரியவில்லை. குனிந்து, கயிற்றுக்கு அடியில் கையை விட்டு, இரண்டு வாளிகளையும் இழுத்துத் தூக்கிக்கொண்டு தன் கல்லுக்குப் போனாள். புருல்ச்சா போன நடையின் காலி வாளிகளை எடுத்துக்கொண்டு வாய்க்காலுக்கு நடந்தாள்.